கண்ணுக்குள்ளே ஒரு கண்

தேங்காய்க்குக் கண் உண்டு. முரசுக்குக் கண் உண்டு. மூங்கிலுக்கும் மயிற்பீலிக்கும் கண் உண்டு. அவை போதாவென்று ஏழாம் வேற்றுமைக்கும் ‘கண்’ என்றோர் உருபைக் கொடுத்து வைத்தார்கள் இலக்கண ஆசிரியர்கள். இத்தனை கண்களைக் கண்ட தமிழ், கண்ணுக்குள்ளே இருக்கும் ஒரு கண்ணைக் காணாமலே இருந்துவிட்டது. அது தமிழின் குற்றம் அன்று. உயிரோடிருக்கும் ஒரு மனிதனுடைய கண்ணின் உட்சுவரை நன்றாகப் பார்க்கும் வழி 1851ஆம் ஆண்டுவரை உலகத்துக்குத் தெரியாது. அந்த ஆண்டிலேதான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பாவையினூடாக ஒளியைச் செலுத்தி உள்ளே பார்க்கும் சிறு கருவியொன்றை வெளியிட்டார். பார்க்கப்படாத பொருளுக்குப் பெயர் எப்படி வரும்? பெயர் இல்லாத நோயோ ஊருக்குள்ளே ஒளித்துத் திரியும்.

கண்ணைப்பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன். அக்குறணையிலே பிள்ளைகளுக்கு எழுவாயும் பயனிலையும் சொல்லிக்கொடுப்பவன். கீழைத்தேயக் கல்லூரியிலே நன்னூலும் காரிகையும் கற்றவன். இன்று அங்கேயே கிழமையில் இரு நாள் பாடஞ் சொல்பவன். எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று. என்னுடைய அறியாமையினாலே ஒரு பெரியவரின் கண் கெடுவதற்கு நானும் துணைபோனேன்.

அவர் எனக்கு யாப்பு அறிவுறுத்திய ஆசிரியர். யாழ்ப்பாணத்திலே பிறந்து, இளமையிலே மத்திய மாகாணத்துக்கு உத்தியோகமாக வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். வயது எண்பத்திரண்டு. ஊரார் ‘பண்டிதர் ஸேர்’ என்பார்கள். பழைய மாணாக்கராகிய எங்களுக்கு அவர் ‘ஐயா’. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வீதிக்குச் சற்று உள்ளே, பிங்கா ஓயாவைப் பார்த்தபடி இருக்கிறது அவருடைய வீடு. மழை பெருத்து ஓயா கடைவீதிக்குள் வரும் நாட்களில், ஐயா முதலிலே தூக்கி மேலே வைப்பது அரிசி மூட்டையை அன்று, புத்தகங்களை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கலியாண வீடு. ஐயா வாசலால் வந்தார். கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று ஸலாஞ் சொன்னார். ஐயா அவரைக் கடந்து போய்விட்டார். நான் கைகூப்பினேன். என்னையும் கடந்து போனார். போனவர், படியோரத்திலே கழற்றி வைத்திருந்த செருப்புகளில் இடறாமல் விலகி நடந்தார். நடந்தவர் குனிந்து, படியிலே கிடந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்தார். கடைக்காரர் என் காதருகே வந்து, “ஸேருக்குச் சல்லி வெளங்குது, ஆள்தான் வெளங்குதில்ல” என்றார். எனக்கும் மனத்திலே சிறிது வருத்தந்தான். முதுமையிலே மனிதருக்குச் செருக்கு வருவதுண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

மற்றொரு நாள் வீதியோரத்து மின்கம்பத்தைக் காட்டி, “தம்பி, இதை லொறிக்காரன் எவனோ இடித்துவிட்டான். இடுப்பு வளைந்து நிற்கிறது பார்” என்றார். நான் பார்த்தேன். கம்பம் நேராக நின்றது. ஐயா வேடிக்கை பேசுகிறார் என்று சிரித்தேன். அடுத்த மாதம் அவரே சொன்னார்: “வெண்பாவிலே முதற்சீர் தெரிகிறது. நான்காஞ்சீர் தெரிகிறது. இடையிலே இரண்டையும் காணவில்லை. அடிகளும் நம்முடைய ஓயாவைப்போல வளைந்து வளைந்து ஓடுகின்றன.”

நான் உடனே தீர்ப்புக் கூறினேன். “ஐயா, இது புரை. முற்றினாற்றான் எடுப்பார்கள். அவசரப்பட வேண்டாம்.”

எனக்கு இதைச் சொன்னவர் யார்? என் பாட்டி. பாட்டிக்குச் சொன்னவர் யார் என்று நான் கேட்டதில்லை. ஆசிரியர் மாணாக்கன் சொல்லை நம்புவது அபூர்வம். ஐயா நம்பினார். இடையிலே மூக்குக்கண்ணாடியை மூன்று முறை மாற்றிப் பார்த்தார். பதினான்கு மாதங்கள் போயின.

பிறகு ஒரு மாலை அவருடைய மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “அப்பா தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியாலே ஊற்றுகிறார்” என்றாள். மறுநாள் விடியற்காலையிலே கண்டித் தேசிய வைத்தியசாலைக்குப் போக பஸ் ஏறினோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலே ஐயா ஜன்னலால் நோக்கினார். “மகாவலி இரண்டு பக்கமும் தெரிகிறது. நான் பார்க்கிற இடத்திலே மாத்திரம் ஆறு இல்லை” என்றார். பார்க்கிற இடத்திலே மாத்திரம் பொருள் இல்லை! அந்த நோயின் இலக்கணம் முழுவதையும் அவர் ஒரு சூத்திரமாகச் சொல்லிவிட்டார். உரை எழுதத் தெரியாதவன் பக்கத்திலே உட்கார்ந்திருந்தேன்.

கண்ணிலே மருந்து விட்டுப் பாவையை விரித்தார்கள். விழித்திரையைக் குறுக்கே வெட்டி வைத்தாற்போலப் படலம் படலமாகக் காட்டும் ஒரு கருவியிலே படம் பிடித்தார்கள். கண் வைத்திய நிபுணர் இளவயதுப் பெண்மணி. படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். “புரை இருக்கிறது. ஆனால் அது சிறிது. குற்றம் பின்னாலே இருக்கிறது. வலக்கண்ணின் நடுப்பகுதி பல ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தேய்ந்து வந்திருக்கிறது. இடக்கண் நன்றாயிருந்தபடியால் உங்களுக்கு அது தெரியவில்லை. அந்த இடக்கண்ணிலே ஓராண்டுக்கு முன்பு இரத்தக் குழாய்கள் கசிந்திருக்கின்றன. இப்பொழுது அது தழும்பு” என்றார். கோடுகள் எப்பொழுது வளையத் தொடங்கின என்று கேட்டார். ஐயா என்னைப் பார்க்கவில்லை. “கணக்கு வைக்கவில்லை, அம்மா” என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

முதலிலே புரையின் வழக்கைத் தீர்த்துவிடுவோம். புரை என்ற சொல்லுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. கண்ணுக்குள்ளே பளிங்குபோல இருக்கும் வில்லை மங்கிப்போவதே புரை. முன்னே தொங்கும் திரை அழுக்கானதுபோல எல்லாம் புகாராகத் தெரியும். நடுவும் ஓரமும் ஒன்றாய் மங்கும். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி வைத்திய நூல் கூறும் முறையிலே, ஊசியாலே அந்த வில்லையைத் தள்ளிக் கண்ணின் அடியிலே வீழ்த்தினார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மோசுல் நகரத்து அம்மார் என்ற அரபு வைத்தியர், துளையுள்ள ஊசியாலே அதனை உறிஞ்சி எடுத்தார். பிற்காலத்திலே வில்லையை முழுதாக வெளியே எடுக்கும் முறை வந்தது. முற்றி இறுகினால் எடுப்பது எளிது; ஆகையாலே, முற்றட்டும் என்று காத்திருந்தார்கள். பாட்டியின் வாக்கு அந்தக் காலத்து வாக்கு. 1949 நவம்பர் 29ஆம் நாள் இலண்டனிலே ஹரல்ட் றிட்லி, செயற்கை வில்லையை மனிதக் கண்ணுக்குள்ளே முதன்முதல் வைத்தார். யுத்தத்திலே விமானிகளின் கண்ணுக்குட் புகுந்த கண்ணாடிநிகர் பிளாஸ்திக்குத் துண்டுகள் கண்ணைக் கெடுக்காமற் கிடந்ததைக் கண்டு, அந்தப் பொருளிலேயே வில்லை செய்வித்தவர் அவர். இன்று நுண்ணிய துளையினூடாக வில்லையை நொறுக்கி உறிஞ்சுகிறார்கள். மிகவும் முற்றிய புரையே இப்பொழுது சத்திர வைத்தியருக்குத் தொல்லை. மதுரையிலே டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, மூட்டுவாதத்தாலே கோணிப்போன விரல்களைக் கொண்டே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண் சத்திர சிகிச்சைகளைச் செய்தவர். 1976இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளின் புரையை எடுப்பதிலே உலகத்துக்கே வழிகாட்டியாயிற்று. புரைக்கு அஞ்சவேண்டியதில்லை. புரையல்லாத ஒன்றைப் புரை என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பதற்குத்தான் அஞ்சவேண்டும்.

இனி அந்த உட்கண்ணுக்கு வருவோம்.

‘பார்வையை வீசினான்’, ‘கண்ணாலே எய்தாள்’ என்றெல்லாம் எழுதுகிறோம். கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்பது பழைய கிரேக்கர் சிலருடைய கொள்கையுங்கூட. பஸறாவிலே பிறந்து கெய்ரோவிலே வாழ்ந்த இப்னு அல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதனை மறுத்தார். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று சோதனைகளாலே நிறுவினார். கண் எறிவதில்லை, ஏற்கிறது. ஏற்கும் இடம் விழித்திரை. கண்ணுருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய 24 மில்லிமீற்றர். அதன் பின்சுவரிலே ஒட்டிய மெல்லிய திரையின் நடுவே, ஐந்து மில்லிமீற்றர் அளவிலே மஞ்சள் படர்ந்த ஓர் இடம் இருக்கிறது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியம் நடத்திய டாக்டர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உறுப்புகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் தேடினார். அந்த மரபின் வழியிலே நம்முடைய பாடநூல்கள் இவ்விடத்தை ‘மஞ்சட் பொட்டு’ என்கின்றன. நல்ல பெயர். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் பெயர்.

விழித்திரையிலே ஒளியை உணரும் கலங்கள் இருவகை. கோல்கள் பன்னிரண்டு கோடி அளவின. மங்கல் ஒளியையும் அசைவையும் உணர்பவை. பெரும்பாலும் ஓரங்களிலே இருப்பவை. கூம்புகள் அறுபது இலட்சம் அளவின. நிறத்தையும் நுட்பத்தையும் உணர்பவை. மஞ்சட் பொட்டின் நடுவிலே நெருங்கி நிற்பவை. எழுத்தை வாசிப்பது, ஊசியிலே நூல் கோப்பது, முகத்தை இன்னார் என்று அறிவது எல்லாம் இந்தச் சிறு பொட்டின் வேலை. நடந்து போவதும், செருப்பிலே இடறாமல் விலகுவதும், கீழே மின்னிய நாணயத்தைக் காண்பதும் ஓரத்தின் வேலை. கலியாண வீட்டிலே ஐயா நாணயத்தைக் கண்டதும் கடைக்காரரைக் காணாததும் எப்படி என்று வாசகர்களுக்கு இப்பொழுது விளங்கியிருக்கும். நாணயம் ஓரத்திலே இருந்தது. கடைக்காரரை ஐயா நேரே பார்த்தார்.

கூம்புகளின் பின்னாலே ஒரு கலவரிசை இருந்து அவற்றுக்கு ஊட்டங் கொடுத்துக் கழிவை அகற்றுகிறது. வயது செல்லச் செல்ல அந்தக் கழிவு அகலாமல் மஞ்சள் மணிகளாகத் தேங்கும். வாய்க்கால் அடைபட்டால் ஊருக்கு என்ன நேரும் என்று அக்குறணையாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கழிவு தேங்கிக் கலங்கள் மெல்லத் தேய்வது உலர் வகை. நோயாளரிற் பெரும்பாலாருக்கு வருவது இதுவே. நூற்றிலே பத்து, பதினைந்து பேருக்கு வேறொன்று நேரும். பின்னாலிருந்து தகாத இரத்தக் குழாய்கள் முளைத்து, கசிந்து, திரையைக் கிளப்பிவிடும். கிளம்பிய திரையிலே விழும் கோடு வளையும். மின்கம்பம் வளைந்தது இதனாலே. இது ஈர வகை. உலர் வகை ஆண்டுக்கணக்கிலே தின்பதை ஈர வகை கிழமைக்கணக்கிலே தின்றுவிடும். ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இந்த ஈர வகையே. என் நெஞ்சைச் சுடுவது இதுதான்.

மருந்தின் கதை வியப்பானது. குழாய் முளைப்பதைத் தூண்டும் ஒரு புரதத்தை மறிக்கும் ஊசிமருந்து அது. ஒன்று குடற் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப். அதன் உறவான ரனிபிசுமாப், கண்ணுக்கென்றே 2006இல் அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. பின்னது விலை மிக அதிகம். இரண்டையும் ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. பார்வையைக் காப்பதிலே மலிந்த மருந்து சளைத்ததன்று என்றது அந்த முடிவு. கண்ணுக்குள்ளே ஊசியா என்று நடுங்குகிறவர்கள் உண்டு. கண்ணை மரக்கச் செய்தபின் இடுகிறார்கள். “நுளம்பு கடித்த அளவுதான்” என்றார் ஐயா. அவருக்கு மாதம் ஒன்றாக மூன்று ஊசி, பின்னர் இடைவெளி விட்டுச் சில. கசிவு நின்றது. தழும்பு தழும்பாகவே இருக்கிறது.

உலர் வகைக்கு இவ்வளவு துணிந்த மருந்து இல்லை. முற்றிய தேய்வின் வேகத்தைச் சிறிது குறைக்கும் இரண்டு ஊசிமருந்துகளுக்கு 2023இல் அமெரிக்காவிலே அனுமதி கிடைத்தது. அவையும் இழந்ததை மீட்பன அல்ல. இடைநிலையிலே உள்ளவர்களுக்குச் சில உயிர்ச்சத்துகளும் நாகச்சத்தும் சேர்ந்த மாத்திரை, நோய் முற்றுவதை நூற்றுக்கு இருபத்தைந்து அளவிலே தடுக்கிறது என்று 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று. அதிலே சேர்த்திருந்த பீற்றா கரோட்டின் புகைப்பவருக்குச் சுவாசப்பைப் புற்றுநோயை மிகுவிக்கலாம் என்பதனாலே, அதை விலக்கி லூட்டீன் முதலியவற்றைச் சேர்த்த திருத்தம் 2013இல் வந்தது. நோயில்லாதவன் இவற்றை விழுங்கி நோயைத் தடுக்க முடியாது. இதை மருந்துக் கடையிலே சொல்லமாட்டார்கள். ஆகையாலே நான் சொல்கிறேன்.

நோய் வரக் காரணம் முதலாவது வயது. இரண்டாவது குடும்ப வழி. இரண்டுக்கும் நாம் பொறுப்பில்லை. மூன்றாவது புகை. புகைப்பவருக்கு ஆபத்து இரண்டு மடங்கும் அதற்கு மேலும் என்கிறார்கள். ஐயா ஐம்பது ஆண்டுகள் யாழ்ப்பாணத்துச் சுருட்டுப் புகைத்தவர். நிபுணர் அதைக் கேட்டறிந்த அன்று மாலை, மிச்சமிருந்த சுருட்டுக் கட்டை ஓயாவிலே எறிந்துவிட்டு வந்தார். எண்பத்திரண்டு வயதிலே!

இந்த நோயின் ஒரு கூற்றை நான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பல வீடுகளிலே இது வெளியே சொல்லப்படாமல் இருக்கக்கூடும்.

ஊசி தொடங்கிய சில மாதங்களின் பின் ஐயா இரவிலே உறங்காதிருந்தார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வீட்டார் பயந்துபோய் நூல் கட்டுகிறவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நூலும் கட்டியாயிற்று. ஒரு நாள் தனிமையிலே என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சுவரெல்லாம் எழுத்து. ஏட்டெழுத்துப்போல வரிவரியாக. கிட்டப் போனால் வாசிக்க முடியவில்லை. சில வேளையிலே சிறு பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக நிற்கிறார்கள். பேசுகிறார்களில்லை. நான் பைத்தியமாகிறேனா?”

வாழ்நாளெல்லாம் எழுத்தை உண்டு வாழ்ந்த மனிதர். எழுத்துப் போனபின் சுவரிலே எழுத்து முளைக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மறு கிழமை நிபுணரிடம் இதைச் சொன்னோம். அவர் சிறிதும் வியக்கவில்லை. பார்வை பெரிதும் குறைந்தவர்களிலே பலருக்கு இது நேருகிறது என்றார். கண்ணிலிருந்து செய்தி வராதபொழுது மூளை சும்மா இருப்பதில்லை, தானே வரைந்துகொள்கிறது. ஜெனீவா நகரத்துச் சார்ள்ஸ் பொனே என்ற அறிஞர், புரையாலே பார்வை குன்றிய தம் பாட்டனார் மனிதரையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டதை 1760இல் எழுதிவைத்தார். பாட்டனாருடைய அறிவு தெளிவாகவே இருந்தது. பொனேயின் பெயராலேயே இந்நிலையை வழங்குகிறார்கள். இது பித்தும் அன்று, பேயும் அன்று. காண்பவருக்கே அது மெய்யன்று என்று தெரிந்திருப்பது இதன் அடையாளம். பெரும்பாலும் காலஞ்செல்லக் குறையும். விளக்கை ஏற்றினால், அல்லது கண்ணை அங்குமிங்கும் அசைத்தால் சில வேளை மறையும். ஐயா வீட்டுக்கு வந்து நூலை அவிழ்த்துவிட்டார். இன்றும் எழுத்து வருகிறதாம். “வரட்டும். முன்போல வெருட்டுவதில்லை” என்கிறார்.

அவர் நிபுணரிடம் கேட்ட இன்னொரு கேள்வியும் நினைவுக்கு வருகிறது. நம்முடைய நாட்டிலே கண்தானத்தை அறியாதார் இல்லை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பியது முதலாக எத்தனையோ நாடுகளுக்குக் கண்களைக் கொடுத்துவருகிறது. ஐயாவும் பல ஆண்டுகளுக்கு முன்பு பத்திரத்திலே கையெழுத்திட்டவர். பிறருடைய கண்ணை எனக்கு வைக்க முடியுமா என்று அவர் கேட்பார் என நான் எதிர்பார்த்தேன். முடியாது, மாற்றி வைப்பது முன்புறத்து ஒளிபுகும் படலத்தை மாத்திரந்தான், பின்னே உள்ள திரையை அன்று. அவர் கேட்டதோ வேறு. “கெட்டுப்போன இந்தக் கண்ணை நான் செத்தபின் எடுப்பார்களா, அம்மா?” என்றார். “உங்களுடைய முன்படலம் தெளிவாக இருக்கிறது. பின்னே உள்ள நோய் அதற்குத் தடையில்லை” என்றார் நிபுணர். திரும்பி வரும்பொழுது பஸ்ஸிலே ஐயா உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

ஏனைய கண்ணோய்களைப் பற்றியும் சிறிது சொல்வேன். நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயனவிதி முதலான சித்த வைத்திய நூல்கள் கண்ணோய் தொண்ணூற்றாறு என்று கணக்கிடும். நாற்பது வயதின் பின் கிட்ட உள்ள எழுத்து மங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். அது நோயன்று, கண்ணாடியாலே தீரும். உயிர்ச்சத்துக் குறைவாலே வருவது மாலைக்கண். இவற்றுக்கெல்லாம் நம்மிடம் அழகிய பெயர்கள் உண்டு. பெயரில்லாமல் வந்து கெடுப்பவை வேறு இரண்டு. ஒன்று கண்ணழுத்த நோய். மஞ்சட் பொட்டுச் சிதைவு நடுவைத் தின்னும். இது ஓரத்தைத் தின்னும். வலி இல்லை, சிவப்பு இல்லை. குழாயினூடாகப் பார்ப்பதுபோல ஆகும்வரை ஆளுக்குத் தெரியாது. போனது மீளாது, மிஞ்சியதை நாள்தோறும் விடும் சொட்டுமருந்து காக்கும். மற்றது நீரிழிவாலே விழித்திரைக் குழாய்கள் கெடுவது. சீனி வருத்தம் இல்லாத வீடு இன்று எங்கே இருக்கிறது? காலைக் கவனிக்கிறார்கள், கண்ணை மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கொருமுறை பாவையை விரித்து உள்ளே பார்க்கச் செய்வதே வழி. இரண்டிலும் நோயாளிக்குத் தெரியுமுன்பே வைத்தியருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஆசிரியர் அறைச் சுவரிலே ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். சுவிற்சர்லாந்துக் கண் வைத்தியர் மார்க் அம்ஸ்லர் வகுத்த கட்டம் அது. பத்து சதம மீற்றர்ச் சதுரம். அதற்குள்ளே ஐந்து மில்லிமீற்றர்க் கட்டங்கள், பக்கத்துக்கு இருபது. நடுவிலே ஒரு புள்ளி. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓரடித் தூரத்திலே நின்று, ஒரு கண்ணைக் கையாலே பொத்தி, மற்றக் கண்ணாலே புள்ளியைப் பார்க்கவேண்டும். பிறகு மற்றக் கண். ஒவ்வொன்றாகவே பார்க்கவேண்டும், இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண், கெட்ட கண்ணின் களவை மறைத்துவிடும். ஐயாவின் வலக்கண் அப்படித்தான் போயிற்று. கோடு வளைந்தாலோ, கட்டம் ஒன்று காணாமற் போனாலோ, நாளை என்று சொல்லாமல் கண் வைத்தியரிடம் போகவேண்டும். கடதாசி இல்லாதவர்கள் கதவு நிலையையோ மின்கம்பத்தையோ பார்க்கலாம்.

முதலிலே எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை ஒருவர், ஐம்பத்தேழு வயதினர், சிரித்துக்கொண்டே ஒரு கண்ணைப் பொத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது. “பண்டிதர், உங்கள் கட்டத்தைக் கோணலாகக் கீறியிருக்கிறீர்கள்” என்றார். கட்டம் கோணல் அன்று. நீரிழிவாலே மஞ்சட் பொட்டிலே நீர் கோத்திருந்தது. அந்தக் கிழமையே கண்டிக்குப் போனார். ஊசி இட்டார்கள். இன்று பிள்ளைகளின் கொப்பிகளைத் தாமே திருத்துகிறார். அந்தக் கடதாசியை இரண்டு ஆண்டுகள் முந்தி ஐயாவின் வீட்டுச் சுவரிலே ஒட்டியிருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராத நாளில்லை.

சனிக்கிழமை மாலைகளிலே ஐயாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இப்பொழுது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் இடக்காதைப் பார்க்கிறார். காதைப் பார்த்தால் முகம் தெரிகிறதாம். இந்த ஓரப் பார்வையை அவரே பழகிக்கொண்டார். முதலிலே எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைக்காரருக்கு நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் இப்பொழுது ஐயாவைக் கண்டால் தம்முடைய பெயரை முதலிலே சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்.

சென்ற கிழமை மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுதிரி வெளிச்சத்திலே ஒரு பழைய வெண்பாவை வேகமாக வாசித்துக்கொண்டு போனேன். ஐயா கையை உயர்த்தினார்.

“நில் தம்பி. மூன்றாமடியிலே நடுவில் ஒரு சீரை விழுங்கிவிட்டாய்.”

குனிந்து பார்த்தேன். விழுங்கித்தான் இருந்தேன்.